மெஸ் வாசல் போஸ்டர்

"மேடம், மெஸ் வாசல்ல நேத்து ஒட்டுன போஸ்டர் பன்னெண்டும் காணோமுங்க!"

தினமும் துடியலூரிலிருந்து சைக்கிளில் வரும் மாணவன் தீபக் மூச்சிரைக்கச் சொன்னதும், விரிவுரையாளர் மோகனப்பிரியாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

கல்லூரியில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கு அவள்தான் பொறுப்பு. பால்வினை நோய்கள் எப்படிப் பரவும், எப்படித் தடுப்பது என்று பெரிய எழுத்தில் போட்ட போஸ்டர்கள். ஆண்கள் விடுதி மெஸ் வாசலில் பன்னிரண்டு, பெண்கள் விடுதி ஹாலில் பன்னிரண்டு.

"யாரு கிழிச்சது?"

"வார்டன் சாருங்க. காத்தால நானே பார்த்தேனுங்க."

போன வருஷம் இங்கே படித்து முடித்தவன் ஒருத்தன், வந்த நோயை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, முற்றவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அந்த நிலை இன்னொருத்தனுக்கு வரக்கூடாது.

நேராக விடுதி கேட்டுக்குப் போனாள். வார்டன் சென்னியப்பன் உடற்கல்வி ஆசிரியரும்கூட. அவர் விசில் சத்தம் கேட்டாலே பையன்கள் மூலைக்கொருவராய்ப் பறப்பார்கள்.

"ஏனுங்க சார், போஸ்டரை எடுத்தது நீங்களா?"

"ஆமாங்க."

"எதுக்குங்க?"

"அது வாசல்ல ஒட்டற சமாச்சாரமில்லீங்க மேடம்." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்படியும் ஒரு பத்தாம்பசலியா! பொரிந்து தள்ளினாள் பிரின்சிபாலிடம்.

"விடும்மா. போன வருஷம் டாக்டர் வந்தப்ப ஒருத்தனாவது வாயைத் திறந்தானா? வர்ற வெள்ளிக்கிழமையும் அப்படின்னா, இந்த நிகழ்ச்சியே இனி வேண்டாம்" என்று முடித்துவிட்டார் அவர்.

வெள்ளிக்கிழமை. அரங்கம் நிறைந்திருந்தது. டாக்டரம்மா மைக்கைப் பிடித்தார்.

"பார்க்க ஆரோக்கியமா இருக்கறவங்ககிட்ட இருந்தும் இந்த நோயெல்லாம் வருமா?"

மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் விடுதியில் பன்னிரண்டு போஸ்டரும் ஒட்டிய இடத்திலேயே பத்திரமாக இருந்தன. இருந்து என்ன? மோகனப்பிரியா முன்வரிசையில் இருந்த பிரின்சிபாலைப் பார்த்தாள். இன்றோடு மூடுவிழாதான்.

"வருமுங்க! வெளிய பார்த்தாத் தெரியாதுங்க!" கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"கொசு கடிச்சா எய்ட்ஸ் வருமா?"

"வராதுங்க!" இப்போது பத்துக் குரல்.

"தம்பதியில ஒருத்தருக்குப் பால்வினை நோய் வந்தா, யாருக்கு வைத்தியம் பார்க்கணும்?"

"ரெண்டு பேருக்குமுங்க! ஒருத்தருக்கு மட்டும் பார்த்தா மறுக்காவும் ஒட்டிக்கும்!"

"ஆணுறை வாங்கறப்ப எதைப் பார்க்கணும்?"

"தேதியைப் பார்க்கோணுமுங்க!"

அத்தனை பேரும் விடுதிப் பையன்கள். பிரின்சிபால் நிமிர்ந்து உட்கார்ந்தார். மோகனப்பிரியாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். போஸ்டரே இல்லாமல் இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டார். "இவ்வளவும் எங்கப்பா படிச்சீங்க?"

பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். கதவோரம் நின்ற சென்னியப்பன் கூச்சத்தில் மெல்ல வெளியே நழுவப் பார்த்தார். அதற்குள் சத்தியமங்கலத்து அருள்குமார் எழுந்துவிட்டான்.

"பாத்ரூம்லீங்க டாக்டர்! மெஸ் வாசல்ல நின்னு படிச்சா நாலு பேரு கேலி பண்ணுவாங்கன்னு எவனும் அந்தப் பக்கமே திரும்பலீங்க. வார்டன் சார்தான் தண்ணி தெளிச்சு, கிழியாம உரிச்சு, ஒவ்வொரு பாத்ரூம் கதவுக்கும் உள்பக்கமா ஒட்டிப்போட்டாருங்க. தாப்பாப் போட்டு உக்காந்தா, படிச்சுத்தானுங்களே ஆகோணும்!"