தண்ணீர் காட்டாத பயிர்

இருபத்திரண்டு நாளாகத் தண்ணீர் காட்டாத நெல் தொட்டிகளுக்கு முன்னால் ஹரிணி நின்றாள். பசுமைக்குடிலின் வலப்பக்க வரிசையில் சாதாரண நெல் வைக்கோலாய்ச் சுருண்டு கிடந்தது. இடப்பக்கத்தில், வறட்சி தாங்குவதற்காக அவள் மரபணு சேர்த்து உருவாக்கிய நெல், நெய்வேலியின் மே மாத வெயிலிலும் பச்சைப் பசேலென்று நின்றது. ஆறு வருட உழைப்பு!

மந்தாரக்குப்பத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வரும் செவ்வந்தி கையைப் பிசைந்தாள்.

"மேடம், திட்டாதீங்க. நாலு நாளா நான் தண்ணி ஊத்திக்கினு இருந்தேங்க."

ஹரிணி பதறினாள். "என்னக்கா இது? சொட்டுத் தண்ணிகூடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நடவு நட்ட கை மேடம். பயிர் தவிக்கிறதப் பாத்துக்கினு சும்மா இருக்க முடியல. தினம் ஒரு கை தண்ணி, அவ்ளோதான்."

எல்லாம் போயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஹரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாத் தொட்டிக்குமா ஊத்துனீங்க?"

"ஐயோ, இல்லீங்க!" செவ்வந்தி வலப்பக்கத்தைக் காட்டினாள். "இதோ சாகக் கெடக்குதே, இதுங்களுக்குத்தான். அப்பவும் பொழைக்கல. அந்தப் பக்கம் வாடவே இல்லியே, அதுக்கு எதுக்குத் தண்ணி?"

ஹரிணி இடப்பக்கத் தொட்டி ஒன்றில் விரலை விட்டாள். மண் செங்கல் தூளாய்க் காய்ந்திருந்தது. செவ்வந்தியின் கையைப் பிடித்து அதே மண்ணில் வைத்தாள்.

"அம்மாடி!" செவ்வந்தியின் குரல் இறங்கியது. "எதக் குடிச்சிக்கினு உசுரோட நிக்குது மேடம் இது?"