டெல்ஃபினுக்கு ஒரு கோடு

ஒஹாயோவின் மதிய வெயில் மேசைமேல் பரப்பிய பத்திரங்களில் விழுகிறது. வீட்டை விற்கும் வெர்னன் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடுகிறான். "உங்க வீட்டுக்காரம்மா எங்க?" என்கிறார் வக்கீல் மார்லீன். "கார்ல இருக்கா. வீடு என் பேர்லதானே, அவ எதுக்கு?" "ஒஹாயோ மாநிலச் சட்டப்படி கட்டின மனைவிக்கும் வீட்டுல பாத்தியதை உண்டு. அவங்க கையெழுத்து இல்லாம வாங்கினா, பின்னாடி வாங்குற இவர் தலையிலதான் விடியும்." வாங்க வந்தவர் நிமிர்ந்து உட்காருகிறார். கடைசிப் பக்கத்தில் அவன் மனைவி டெல்ஃபினின் பெயருக்குமேல் கையெழுத்துக்கான ஒரு கோடு ஏற்கெனவே காத்திருக்கிறது. வெர்னன் ஜன்னல் வழியே கையசைக்கிறான். டெல்ஃபின் நிதானமாக வந்து அமர்ந்து, அவனிடமிருந்து பேனாவை வாங்குகிறாள். "சமையல்கட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சப்போ என்னைக் கேட்டியா, வெர்னன்?" மூடியை அவள் கழற்றவில்லை. "இப்ப கேளு."