மிளகளவு மூளை

ரொபர்ட்டின் மூளை ஷாமிளாவின் ஃபோனில் இருந்தது. மிளகு அளவுதான். தன் மூளையைத் தானே பார்க்கக் கொடுத்துவைத்தவன் அந்த இறப்பர் தோட்டத்தில் அவன் ஒருவன்தான்.

“இது உங்க தோல்லருந்து லேப்ல வளத்த குட்டி மூளை, அண்ணே. பக்கத்துல இருக்கிறது அக்காவோடது,” என்றாள் ஷாமிளா. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. போன நத்தார் பண்டிகைக்கு முன்னால் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து, புருஷன் பெண்டாட்டி இருவரிடமும் கேட்டு, கடுகளவு தோல் எடுத்துப் போயிருந்தாள்.

“இத வச்சி என்னா செய்வீங்க, மிஸ்?”

“ரெண்டுலயும் டெங்கு வைரச விடுவோம். காய்ச்சல் உங்களுக்குந்தான் வந்துச்சி, எழும்பி வேலைக்குப் போயிட்டீங்க. அக்காவுக்கு மட்டும் ஏன் மூளைக்கு ஏறிச்சின்னு பாக்கணும்.”

மறுபடியும் அவளுக்கா? ரொபர்ட் ஃபோனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான்.

“அதுக்கு நோவுமா, மிஸ்?”

“நோவாது. அது யோசிக்கிற மூளை இல்ல.”

“ஞாபகம் கீபகம் ஏதும் வச்சிருக்குமா?”

ஷாமிளா சிரித்துவிட்டாள். “பயப்படாதீங்க. உங்க ரகசியம் ஒண்ணும் எங்களுக்குத் தெரிய வராது.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்கு வியர்த்துவிட்டது.

ரகசியம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழை பிடித்துப் பால்வெட்டு நின்றபோது, பால் பிடிக்க மரங்களில் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்துவிட்டு வரவேண்டியது அவன் வேலை. அவனோ கசிப்புக் குடிக்கப் போனான். பிறகு அந்த வேலையை மறந்தே போனான். அத்தனை சிரட்டையிலும் தண்ணீர் நின்று நுளம்பு பெருகியது. அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போய்வந்த அவன் பெண்டாட்டி தெரேசம்மா, காய்ச்சல் கண்டு கேகாலை ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தாள்.

பிழைத்துவிட்டாள். ஆனால் பழைய தெரேசம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுவாள். ஜெபத்தின் நடுவில் வார்த்தை தேடிக்கொண்டு நிற்பாள். ‘ஆண்டவர் சித்தம்’ என்றது லயம். ரொபர்ட்டும் கூசாமல் தலையாட்டினான். அப்படித் தலையாட்டியதுதான் இன்றுவரை அவனை அரித்துத் தின்கிறது.

தெரேசம்மா இருவருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தாள். ஷாமிளா குடித்து முடித்ததும் கோப்பையை வாங்கி அலசிக் கவிழ்த்தாள். வாசலில் இருந்த வாளியைக் கவிழ்த்தாள். நாய் இன்னும் நக்கிக்கொண்டிருந்த சட்டியையும் பிடுங்கிக் கவிழ்த்தாள்.

“ஏன் அக்கா எல்லாத்தையும் கவுக்குறாங்க?” என்று மெதுவாகக் கேட்டாள் ஷாமிளா.

“காய்ச்சலுக்குப் பொறகு வந்த கிறுக்கு, மிஸ்.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஷாமிளா கிளம்பிப் போனாள். ரொபர்ட் எழும்பவில்லை. கொழும்பில் எங்கோ ஒரு கண்ணாடித் தட்டில் தெரேசம்மாவுக்கு இன்னொரு தரம் அதே காய்ச்சல் வரப்போகிறது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷனே இல்லை என்று பட்டது.

“தெரேசா... அன்னைக்கி மழை பிடிச்சப்ப... நான் அந்தச் சிரட்டைய...”

தெரேசம்மா அவன் கையிலிருந்த வெறும் கோப்பையை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

“தெரியுங்க. நீங்க மறந்துருவீங்கன்னுதான் இப்ப எல்லாத்தையும் நானே கவுக்குறேன்.”