மறைவுக்கு நாலு செடி

செடி நர்சரிக்காரம்மா உள்ளே நுழைந்ததும் மீசை இரும்புக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டார்.

"எதுக்குண்ணே பூட்டுறீங்க?"

"சட்டம் மேடம். ஆள் உள்ள இருந்தா கதவு சாத்தியிருக்கணும்."

மீசை என்பது விலங்குக் காப்பகத்தில் அவருக்கு யாரோ வைத்த பெயர். முகம் என்னவோ மழமழவென்றுதான் இருந்தது. கையில் அவர் உயரத்துக்கு ஒரு மூங்கில் கழி.

பெரிய மரங்களுக்கு அடியில், வெயிலே விழாத இடத்தில் தோட்டம் போட்டுத் தரவேண்டும் என்றுதான் காப்பகத்து டாக்டர் ஃபோனில் சொன்னார். அது சிறுத்தையை விடப்போகிற இடம் என்பதை, இவள் சரி என்று ஒத்துக்கொண்ட பிறகு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் விடமாட்டார். ஏதோ பங்களா வேலை என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அது எங்க?"

மீசை கழியால் காட்டினார். மரங்களுக்கு அந்தப் பக்கம் கம்பி போட்ட சின்னக் கூண்டு. உள்ளே ஒரே இருட்டு.

"பூட்டித்தான் இருக்கு. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"சாப்பிட்டுச்சா?"

"எங்க மேடம்? வந்ததுலேருந்து ஒரு துண்டுகூட வாயில வைக்கலை."

கேட்டிருக்கவே வேண்டாம் என்று ஆகிவிட்டது அவளுக்கு. பசியோடு இருக்கிற சிறுத்தை!

கண்ணை மண்ணிலும் காதைக் கூண்டிலும் வைத்துக்கொண்டு குந்தினாள். சருகு மக்கிய நல்ல கருப்பு மண், கையில் ஒட்டியது. வேறு யார் வீட்டுத் தோட்டமாக இருந்தாலும் யோசிக்காமல் சேம்பும் மணி பிளான்ட்டும் சொல்லியிருப்பாள். சிறுத்தையும் பூனைச் சாதிதான். அவற்றைக் கடித்துத் தொலைத்தால் வாயெல்லாம் வீங்கிவிடும்.

"முன்னால பெரணி வைக்கலாம்ணே. பின்னால சித்தரத்தை, விசிறிப் பனை. நிழல்லயே நல்லா வரும்."

"அடர்த்தியா வருமா?"

"உள்ள ஆள் நின்னாக்கூடத் தெரியாது. ஆனா பார்க்க வர்றவங்களுக்குச் சிறுத்தை தெரியணும்ல?"

"தெரியக்கூடாது மேடம். அதுக்குத்தானே செடியே கேக்குறோம்."

கண்ணுக்குத் தெரிகிற சிறுத்தையையாவது பொறுத்துக்கொள்ளலாம். புதருக்குள் பதுங்கிக் கிடக்கிறதை எப்படி?

விசிறிப் பனைக்கு இடம் அளக்கக் கூண்டுப் பக்கம் போயே ஆகவேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு போனாள். நீட்டிய இரும்பு டேப் வியர்த்த கையிலிருந்து நழுவி, சர்ரென்று சுருண்டு டப்பென்று அடித்தது.

கூண்டே அதிர்ந்தது. அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல், அப்படியே அவள் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது. கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்கள், பிளந்த வாய், பல். தலை முதல் வால் வரை உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பாயப்போகிறது. அந்தப் பூட்டு தாங்குமா?

மீசை கழியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். மெல்ல வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். கூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பயப்படாதே. ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?"

இவ்வளவு நேரம் வாய்க்கு வாய் மேடம் போட்டவர், ஒரே தாவலில் ஒருமைக்கு வந்துவிட்டார். வேறு சமயமாக இருந்தால் என்ன ஏது என்று கேட்டிருப்பாள். இப்போது பிடித்துக்கொள்ள அந்தக் குரலை விட்டால் வேறு எதுவும் இல்லை.

"சும்மா இரு. அவ்வளவுதான். முடிஞ்சுது. மூச்சு விடு."

மூச்சு விட்டாள். உறுமல் தேய்ந்து, இரைப்பாகி, அடங்கியது. சிறுத்தை பின்னால் நகர்ந்து மூலை இருட்டுக்குள் போய்விட்டது. மீசை அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இருவரும் ஓசைப்படாமல் வெளியே வந்தார்கள்.

கதவு சாத்தியதும்தான் அவளுக்குப் பேச்சே வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ரொம்ப நன்றிண்ணே. கூடப்பிறந்தவன் மாதிரி தைரியம் சொன்னீங்க. இல்லேன்னா என் உயிர் அங்கயே போயிருக்கும்."

மீசை சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"மனுஷங்களைக் கண்டாலே அதுக்கு நடுக்கம் மேடம், பாவம். நான் அதுகிட்டதான் சொன்னேன்."