கவிழ்த்துப் பார்த்த எஞ்சின்

ஒரு பொம்மை ரயில் எஞ்சின். நேர்ப்பாதையில் ஜம்மென்று ஓடும். பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தால் மட்டும் தடதடவென்று குலுங்கிச் சாய்ந்துவிடும்.

"எல்லாம் இந்தக் கிளைத் தண்டவாளத்தால வந்த வினை. வேற எங்கேயாவது நான் விழுந்திருக்கேனா?" என்று கத்தியது.

"நேர்ப்பாதையில கோணக் காலும் ஓடிடும் தம்பி" என்றது கிளைத் தண்டவாளம். வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, உள்ளுக்குள் நடுக்கம். ரயிலுக்குச் சொந்தக்காரர் தேவசகாயம், அந்தக் கிளைத் தண்டவாளத்தைக் கழற்றி எறிய ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிட்டார்.

"அக்காவைக் கழட்டாதீங்க! நானும் அவங்க மேலதானே போறேன்?" என்று கடைசிப் பெட்டி பதறியது. மனுஷர் காதில் அது விழுமா?

ஆனால் அவருக்கும் ஒரு சந்தேகம். அந்தப் பெட்டியை மட்டும் கையால் தள்ளிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. "அட!" என்று எஞ்சினைக் கவிழ்த்தார். முன்சக்கரம் ஒன்று உள்ளே ஒடுங்கியிருந்தது. இழுத்துச் சரிசெய்து ஓட்டினார். பிரிவைத் தாண்டியதே தெரியவில்லை.

"பரவாயில்லையே அக்கா, உன்னை நல்லா ரிப்பேர் பண்ணிட்டாங்களே!" என்றது எஞ்சின்.

ஸ்க்ரூ டிரைவர் கருவிப் பெட்டிக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்த கிளைத் தண்டவாளம் சொன்னது: "ஆமாப்பா, இப்பத்தான் எனக்கு உசிரே வந்துச்சு."