கண்டக்டர் குறித்த இடம்

"அந்தப் படத்தை எங்கே எடுத்தீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க. இத்தோட விட்டுடறோம்."

சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மூன்றாவது தடவையாகக் கேட்டேன். கண்டக்டர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருகிக்கொண்டிருந்தார்.

எங்கள் பறவை பார்ப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். கண்டக்டர் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். அந்தக் கூட்டத்துக்குப் பத்து நாளைக்கு முன்னால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். சாதாரணக் கதிர்க்குருவிதான். எங்கள் கடலோரச் சதுப்பில் திரும்பின பக்கமெல்லாம் இருக்கும். ஆனால் அந்தப் படத்தில், நாணல் நுனியில் உட்கார்ந்து தொண்டை புடைக்கப் பாடிக்கொண்டிருந்தது. சத்தமே கேட்கிற மாதிரி இருந்தது. இருபது வருஷமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிற எனக்கு அப்படி ஒன்று அமையவே இல்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

படம் போட்டால் எடுத்த இடத்தையும் குறிக்க வேண்டும். அது சங்கத்தின் முதல் விதி. தெற்குக் கோடி, உடைந்த மதகு என்று குறித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நாங்கள் நாற்பது பேர் அங்கே ஆஜர். முழங்கால் சேற்றில் மூன்று மணி நேரம் நின்றோம். கொசுதான் பாடியது. தலைவரான பல் டாக்டர் ஒற்றைச் செருப்போடு கரையேறினார். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது, அந்தப் பக்கம் நாணலே கிடையாது, வெறும் கோரைதான். பச்சைப் பொய்.

பொய்யாக இடம் குறித்தால் அடையாள அட்டையைப் பிடுங்கிவிடுவோம். அது இல்லாமல் சதுப்பின் கேட்டுக்குள் கால் வைக்க முடியாது. கண்டக்டருக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் தூரத்தில். தினமும் போய்வர அவருக்கென்று இருந்தது அந்தச் சதுப்பு ஒன்றுதான். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

டாக்டரே மனசு இறங்கி, கை தவறிக் குறித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்.

"தெரிஞ்சேதான் குறிச்சேன், டாக்டர்."

"ஏன்?"

கண்டக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "அதை மட்டும் கேக்காதீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாங்கல்லாம் உங்களுக்கு இளிச்சவாயங்களா? அட்டையை வெச்சுட்டுக் கிளம்புங்க."

அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினார். மேஜைமேல் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார்.

போனவர் வீட்டில் இருந்தாரா என்றால், இல்லை. தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே, எங்கள் வண்டிகள் நிற்கிற இடத்தில் வந்து நிற்பார். வேலியோரம் யாராவது வண்டியைக் கொண்டுபோனால், அங்கே முள் கிடக்கிறது, தள்ளி நிறுத்துங்கள் என்பார். பார்க்கிங் கண்டக்டர் ஆகிவிட்டார் என்று அவர் காதுபடவே சிரித்தோம். நான் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

நேற்று அவராகவே வந்து என் வண்டியை நிறுத்தினார்.

"சார், இப்ப சொல்லலாம். அந்தப் படம் இங்க எடுத்ததுதான். இந்த வேலியோர நாணலுக்குள்ள கூடு இருந்துச்சு. குஞ்சுங்க நாலும் இன்னிக்குக் காலையில பறந்துடுச்சு. படத்தைக் காட்டாம இருக்க மனசு கேக்கல, ஆனா இடத்தைச் சொல்லப் பயமா இருந்துச்சு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? கூடுன்னு தெரிஞ்சா நாங்க கிட்டவே போயிருக்க மாட்டோமே."

கண்டக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன வருஷம் ஒரு கூட்டை உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் சார் காட்டினேன். மறுநாள் போய்ப் பார்த்தா, படத்துக்கு மறைக்குதுன்னு சுத்தியிருந்த நாணலெல்லாம் வெட்டிக் கிடந்துச்சு. குஞ்சுங்களைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அதை எப்படி சார் சொல்றது?"