மலையேறி வந்த மேனேஜர்

"ஐயையோ, மேனேஜர் பாய் பஸ்ஸ வுட்டு எறங்குறாரு!"

காந்தா சொன்னதுதான் தாமதம், சின்னராசு கையிலிருந்த டீ வடிகட்டியைப் போட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் விறகு அடுக்கின் மறைவில் பதுங்கினான்.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்தில், புருஷனும் பெண்டாட்டியுமாகக் கீற்றுக் கொட்டகை போட்டு டீக்கடை திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஓட்டலில் சின்னராசுக்குச் சமையல்கட்டு வேலை. சாமை அறுப்புக்கு இரண்டு நாள் லீவு என்று வந்தவன், வந்தவன்தான். ஒரு கடிதாசிகூடப் போடவில்லை.

மேனேஜர் ஜப்பார் பாய் அடாவடி ஆளாக இருந்தால் அவன் ஒளிந்தே இருக்க மாட்டான். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்த மனுஷன். முதலாளி லீவே கிடையாது என்றபோது, "நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று பஸ் ஏற்றிவிட்டவர். அவர் நேரில் நின்று 'வாடா' என்று ஒரு வார்த்தை சொன்னால், சின்னராசு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவான். அப்புறம் பெண்டாட்டியை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் உண்டு. இது காந்தாவுக்கும் தெரியும்.

"உக்காருங்க பாய். டீ போடட்டுமா?"

"போடும்மா. சின்னராசு இல்லியா?"

"சாமை வாங்கக் கலசப்பாக்கம் போயிருக்காரு."

சாமை விளைகிற மலையிலிருந்து நெல் விளைகிற ஊருக்குச் சாமை வாங்கப் போனானாம்! விறகுக்குப் பின்னால் சின்னராசு தலையில் அடித்துக்கொண்டான். நல்லவேளை, பாய் கண்டுகொள்ளவில்லை.

"யாவாரம் எப்படிம்மா?"

"இன்னா கொறச்சல் பாய்! சந்தை நாள்ல கும்பல் தாங்காது. ரெண்டு பேரு கை பத்தல. இவரு ஒரு நாள் இல்லன்னா கடை படுத்துடும்."

அப்போது கடையில் படுத்திருந்தது ஒரு நாய்தான். பாய் கடையைச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஓட்டல்ல எல்லாரும் நல்லா கீறாங்களா பாய்?"

"யாரு கீறாங்க? இவனுக்கு அப்புறம் சடையன் போனான், அருணகிரி போனான். ஒம்போது பேரு. எல்லாம் ரெண்டு நாள் லீவுதான், நான் குடுத்ததுதான். சீசன் நேரத்துல கிச்சன்ல ஆளில்ல. ஆளை நிறுத்திவைக்கத் தெரியாத நீ இன்னா மேனேஜருன்னு முதலாளி எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு."

சின்னராசுவின் காலில் கட்டெறும்பு ஒன்று கடித்தது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயை மூடிக்கொண்டான். ஆனால் பாய் சொன்னது அதைவிட வலித்தது.

காந்தா உடைந்துவிட்டாள். "பாய், உங்க காலுல வேணா வுழறேன். அவரை இட்டுனு போய்டாதீங்க. இப்பதான் ஒண்ணா ஒக்காந்து சோறு துன்றோம்."

அதற்குமேல் சின்னராசுவால் பொறுக்க முடியவில்லை. தலையெல்லாம் மரத்தூளாக வெளியே வந்தான். நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

"பாய், நான் வர்றேன். என்னால நீங்க கெட்ட பேரு வாங்க வாணாம். அடுத்த பஸ்ஸுக்கே கெளம்பலாம்."

காந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜப்பார் பாய் டீயைக் குடித்து முடித்தார். எழுந்து போய், தன் கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"எங்கடா வர்றே? என்னை வேலைய வுட்டு அனுப்பி ஒரு வாரம் ஆவுது. வாணியம்பாடில வூட்டுக்கு இன்னும் சொல்லல" என்றவர், ஈரக் கையைத் துடைத்தபடி தயங்கினார். "ரெண்டு பேரு கை பத்தலன்னு தங்கச்சி சொல்லிச்சே... எனக்கு ஒரு வேலை குடுப்பியா, முதலாளி?"